கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு: ஒரு நாள் ஒவ்வொருவராக விடுகிறார்கள், மறுநாள் கூட்டமாக விடுகிறார்கள், ஏன்?

உடுமலை ஓட்டக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் நெடுந்தூர ஓட்டக்காரன். கொஞ்ச நாளாக நார்வேயின் ட்ரொன்ஹெய்ம் நகரில் 2025-ல் நடந்த பனிச்சறுக்கு உலகச் சாம்பியன் போட்டிகளின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யோஹானஸ் கிளேபோ என்ற நார்வேக்காரர் அங்கே நடந்த ஆறு போட்டிகளிலும் தங்கம் வாங்கிவிட்டார். 3 நிமிடத்தில் முடியும் ஸ்பிரின்டிலும் அவரே, 2 மணி நேரம் ஓடும் 50 கிலோமீட்டரிலும் அவரே. ஓட்டத்தில் 1500 மீட்டரும் மாரத்தானும் ஒரே ஆள் ஜெயித்த மாதிரி. என்னால் நம்பவே முடியவில்லை.

ஆனால் பந்தயம் நடக்கும் விதம் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் ஆளாளுக்கு இடைவெளி விட்டுக் கிளம்புகிறார்கள். ஒரு நாள் எல்லாரும் ஒன்றாகப் புறப்படுகிறார்கள். ஒரு நாள் ஆறு ஆறு பேராக. இன்னொரு பந்தயத்தில் பாதி வழியில் நின்று ஸ்கீயையே, அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பலகையையே, மாற்றுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே துப்பாக்கி, ஒரே கோடு என்று வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கோபி டு ட்ரொன்ஹெய்ம்:

அண்ணா, நல்ல கேள்வி. படிப்புக்காக ட்ரொன்ஹெய்ம் வந்தவன் நான், ஊர் கோபிச்செட்டிபாளையம். நீங்கள் சொல்லும் போட்டிகளில் சிலவற்றை கிரானோசென் மைதானத்தில் நின்று பார்த்தேன்.

உங்கள் ஊர்ப் பக்கத்து ரேக்ளாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சி, உடுமலையில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் வைத்து வண்டியை ஒவ்வொன்றாக விடுவார்கள். பக்கத்தில் வேறு வண்டி கிடையாது, கடிகாரம்தான் எதிராளி. மதுரை, சிவகங்கைப் பக்கம் போனால் பெரிய மாடு, சின்ன மாடு என்று பிரித்து, எல்லா வண்டியையும் ஒன்றாகச் சாலையில் விடுவார்கள். அங்கே முன்னால் போகிற வண்டிதான் எதிராளி. இரண்டுமே மாட்டுவண்டிப் பந்தயம்தான். ஆனால் ஒன்றுக்குத் தேவையான மாடும் சாரதியும் இன்னொன்றுக்கு ஒத்துவராது. பனிச்சறுக்கில் இந்த இரண்டு வகையையும், நடுவே வேறு சிலவற்றையும் சேர்த்து ஒரே வீரரிடம் கேட்கிறார்கள்.

முதலில் இன்டர்வல் ஸ்டார்ட். 30 விநாடிக்கு ஒருவராக விடுவார்கள். தூரம் இப்போது பெரும்பாலும் 10 கிலோமீட்டர். உங்களுக்கு முன்னால் போனவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. பாதை ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர்தான் "நான்கு விநாடி பின்னால் இருக்கிறாய்" என்று கத்துவார். வேகத்தை நீங்களே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முதல் ஏற்றத்தில் ஆசைப்பட்டால் கடைசி ஏற்றத்தில் கால் கல்லாகிவிடும். ஒருவரை எட்டிப் பிடித்துக் குரல் கொடுத்தால் அவர் வழிவிட்டே ஆக வேண்டும் என்பது விதி.

அடுத்தது மாஸ் ஸ்டார்ட். தரவரிசைப்படி அம்பு முனை வடிவில் நிறுத்தி எல்லாரையும் ஒன்றாக விடுவார்கள். இங்கே கடிகாரத்துக்கு மதிப்பே இல்லை. முதலில் கோட்டைத் தொட்டவருக்குத் தங்கம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிப்பார், பின்னால் வருகிறவருக்கு உழைப்பு மிச்சம். அதனால் யாரும் முன்னால் போக ஆசைப்பட மாட்டார்கள். 50 கிலோமீட்டரில் 45 வரை கூட்டமாகவே வந்து, கடைசி ஏற்றத்தில் உடைத்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கீயின் அடியில் தடவிய மெழுகு தேய்ந்துபோனால் வேறு ஸ்கீ மாற்றிக்கொள்ளவும் 50 கிலோமீட்டரில் இடம் உண்டு. மாற்றினால் சில விநாடிகள் போகும், மாற்றாவிட்டால் கடைசியில் வழுக்காது. அந்த முடிவிலேயே பதக்கம் கைமாறியிருக்கிறது.

பாதி வழியில் ஸ்கீ மாற்றுவது ஸ்கியத்லான். 10 கிலோமீட்டர் கிளாசிக் பாணி, அதாவது ஸ்கீயை நேராக வைத்துப் போவது; அடுத்த 10 ஃப்ரீ பாணி, அதாவது ஸ்கேட்டிங் போலப் பக்கவாட்டில் தள்ளிப் போவது. நடுவில் உங்கள் எண் போட்ட சின்னக் கட்டத்தில் நின்று ஸ்கீயையும் கையில் ஊன்றும் கோலையும் மாற்ற வேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு பாணியிலும் தேறியவர் யார் என்று ஒரே பந்தயத்தில் தெரிந்துவிடும்.

பர்சூட் என்று இன்னொன்று. முந்தைய பந்தயத்தில் நீங்கள் எத்தனை விநாடி பின்தங்கினீர்களோ, இன்று அத்தனை விநாடி தாமதமாக உங்களை விடுவார்கள். அதனால் முதலில் கோட்டைக் கடப்பவரே மொத்தத்திலும் வென்றவர். பார்க்கிறவருக்குக் கணக்கே போட வேண்டாம். குண்டர் குண்டர்சன் என்ற நார்வேக்காரர் யோசனை இது, ஸ்கீ தாண்டுதலும் கிராஸ் கன்ட்ரியும் சேர்ந்த நார்டிக் கம்பைன்ட் போட்டிக்காக உருவாக்கியது.

சென்னிமலைத் தறி:

தம்பி, அருமையான விளக்கம். ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ஒவ்வொருவராக விடும் பந்தயத்தை எடுத்துவிட்டால் இந்த விளையாட்டுக்கு நல்லது. திரையில் ஓர் ஆள் தனியாகப் போகிறார், மூலையில் பச்சை, சிவப்பு எண்கள் ஓடுகின்றன. ஜெயித்தவர் கோட்டைக் கடந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, இன்னும் பாதிப் பேர் வந்துகொண்டிருக்கிறார்கள். ஆளோடு ஆள் மோதினால்தான் பந்தயம்.

உதாரணம் சொல்கிறேன். 1994 லில்லேஹாமர் ஒலிம்பிக், ஆண்கள் ரிலே. நான்கு பேர், ஆளுக்கு 10 கிலோமீட்டர். நார்வே மண்ணில், லட்சம் பேருக்கு மேல் கூடியிருந்த இடத்தில், கடைசி ஆளாக பியோர்ன் டேலி. இத்தாலிக்கு சில்வியோ ஃபவ்னர். 40 கிலோமீட்டர் ஓடிய பிறகு வித்தியாசம் 0.4 விநாடி, இத்தாலி வென்றது. அந்த அணியின் முதல் ஆள் மவுரிலியோ டி ஜோல்ட்டுக்கு அப்போது வயது 43. நான்கு வருடம் கழித்து நாகானோவில் நார்வே 0.2 விநாடியில் திருப்பிக் கொடுத்தது. 2002-ல் மறுபடி நார்வே, 0.3 விநாடி. மூன்று ஒலிம்பிக்கையும் கூட்டினாலும் வித்தியாசம் 1 விநாடி வராது. இதைப் பார்த்தவனுக்கு இடைவெளிப் பந்தயம் எப்படி ருசிக்கும்?

கோபி டு ட்ரொன்ஹெய்ம்:

அண்ணா, அந்த ரிலேயைப் பற்றி இங்கே பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள், துக்கத்தோடுதான். ரிலே அழகானது, அதில் எனக்கு வாதமே இல்லை. முதல் இருவர் கிளாசிக், அடுத்த இருவர் ஃப்ரீ, கையால் தொட்டு மாற்ற வேண்டும். இப்போது ஆண், பெண் இருவருக்கும் ஆளுக்கு 7.5 கிலோமீட்டர்.

ஆனால் இடைவெளிப் பந்தயத்தை எடுக்கச் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வந்து கடைசி 200 மீட்டரில் தாண்டுவதற்கு அங்கே வழியே இல்லை. உங்கள் நுரையீரல், உங்கள் ஸ்கீ, உங்கள் புத்தி, அவ்வளவுதான். இங்குள்ள பழைய வீரர்கள் இதில் வாங்கும் தங்கத்தைத்தான் உயர்வாகப் பேசுகிறார்கள். முழுக்க நியாயமானது என்றும் சொல்லிவிட முடியாது. முதல் ஆள் போகும்போது இறுக்கமாக இருந்த பனி, 50-வது ஆள் வரும்போது வெயிலில் இளகியிருக்கும். புதுப்பனி கொட்டினால் முன்னால் போனவருக்குப் பாதை மந்தம். இந்தச் சூதும் அதற்குள் இருக்கிறது.

கோவை சக்கரம்:

நான் இன்லைன் ஸ்கேட்டிங் பயிற்சி கொடுக்கிறவன். பாணிகளைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் அது புரியாமல் பந்தயம் புரியாது.

கிளாசிக் என்பது பழைய பாணி. பனியில் இயந்திரம் வைத்து இரண்டு இணையான பள்ளங்கள் போட்டிருப்பார்கள். ஸ்கீ அதற்குள்ளேயே நேராகப் போகும். ஒரு காலை உதைத்து மறு காலில் வழுக்குவது, எதிர்க் கை கோலை ஊன்றுவது. ஏற்றம் கடுமையானால் ஸ்கீயை 'வி' போலப் பிரித்து ஏறலாம், வழுக்கக் கூடாது. இரண்டு கோலையும் ஒன்றாக ஊன்றி உடம்பை மடித்துத் தள்ளுவதும் கிளாசிக்தான், அதற்கு டபுள் போலிங் என்று பெயர்.

ஃப்ரீ என்றால் எப்படி வேண்டுமானாலும் போகலாம். எல்லாரும் ஸ்கேட்டிங்தான் செய்வார்கள், ஏனென்றால் அதுதான் வேகம். பக்கவாட்டில் தள்ளித் தள்ளி, நம் பிள்ளைகள் சக்கரத்தில் செய்வது போலவே. இது பரவியது 1980-களில். அமெரிக்காவின் பில் கோச், நீண்ட மாரத்தான் பந்தயங்களில் சிலர் ஒரு காலை மட்டும் பள்ளத்துக்கு வெளியே தள்ளிப் போவதைப் பார்த்து, அதை உலகக் கோப்பைக்குக் கொண்டுவந்தார். 1982-ல் ஒட்டுமொத்த உலகக் கோப்பையையும் வாங்கினார். 1985 சீஃபெல்ட் உலகப் போட்டிக்குள் எல்லாரும் ஸ்கேட்டிங்குக்கு மாறிவிட்டார்கள், பள்ளம் போட்டதற்கே அர்த்தம் இல்லாமல் போனது. நார்வேக்காரர்களுக்குப் பெரிய வருத்தம். அதன் பிறகுதான் ஒவ்வொரு பந்தயமும் இன்ன பாணி என்று பிரித்தார்கள். அன்று பிரிக்காமல் விட்டிருந்தால் கிளாசிக் பாணி பந்தயத்திலிருந்து ஒழிந்தே போயிருக்கும். ஒரு விளையாட்டு தன் பழைய பாணியை வேலி போட்டுக் காப்பாற்றியதில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

கருவியும் வேறு. கிளாசிக் ஸ்கீ நீளம், முனை நன்றாக வளைந்திருக்கும், கோல் தோள் உயரம். ஸ்கேட்டிங் ஸ்கீ குட்டை, கோல் வாய் வரை வரும், காலணி கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும்.

பெருந்துறைப் பையன்:

அண்ணா, ஏற்றத்தில் கிளாசிக் ஸ்கீ எப்படிப் பின்னால் வழுக்காமல் நிற்கிறது? அடியில் ஏதாவது பல் வைத்திருப்பார்களா?

கோவை சக்கரம்:

பந்தய ஸ்கீயில் பல் கிடையாது தம்பி, மெழுகுதான். ஸ்கீ நடுவில் மேல்நோக்கி வளைந்திருக்கும். சும்மா வழுக்கும்போது நடுப்பகுதி பனியைத் தொடாது. காலை அழுத்தி உதைக்கும் ஒரு கணம் மட்டும் நடுப்பகுதி இறங்கிப் பனியைப் பிடிக்கும். அங்கே ஒட்டும் மெழுகு, முன்னும் பின்னும் வழுக்கும் மெழுகு. பனி உருகி மறுபடி உறைந்திருந்தால் கிளிஸ்டர் என்று பசை மாதிரி ஒன்றைத் தடவுவார்கள். வெப்பநிலை இரண்டு டிகிரி மாறினால் மெழுகும் மாற வேண்டும். பெரிய அணிகள் மெழுகுக்கென்றே லாரி கொண்டுவருவதற்குக் காரணம் இதுதான்.

புளோரின் கலந்த மெழுகு ஈரப்பனியில் அபார வேகம் கொடுக்கும். ஆனால் அது மண்ணிலும் உடம்பிலும் அழியாமல் தங்கிவிடுகிற வேதிப்பொருள், மெழுகு போடுகிறவர்களின் ரத்தத்திலேயே கண்டுபிடித்தார்கள். 2023-24 பருவம் முதல் சர்வதேசக் கூட்டமைப்பு அதை முழுக்கத் தடை செய்துவிட்டது. பந்தயத்தின்போது கருவி வைத்து ஸ்கீயின் அடியைச் சோதிக்கிறார்கள்.

வால்பாறை மழை:

டபுள் போலிங் பற்றி ஒரு சந்தேகம். கை வலு அதிகம் உள்ளவர் மெழுகே போடாமல், உதைக்காமல், கையால் மட்டுமே முழுத் தூரமும் தள்ளிப் போய்விட்டால்? அவருக்கு வழுக்கல் அதிகம் கிடைக்குமே.

கோபி டு ட்ரொன்ஹெய்ம்:

அக்கா, அதுதான் இன்றைய பெரிய சண்டை. ஸ்வீடனில் வாசலோப்பெட் என்று ஒரு பந்தயம், சேலனில் இருந்து மூரா வரை 90 கிலோமீட்டர், 1922 முதல் நடக்கிறது. கிளாசிக் பாணிதான். ஆனால் அங்கே முன்னணியில் வருகிறவர்கள் இப்போது உதைப்பதே இல்லை, 90 கிலோமீட்டரும் கைதான். உலகக் கோப்பையிலும் இது தலைகாட்டியதும் இரண்டு தடுப்புப் போட்டார்கள். ஒன்று, கிளாசிக் கோல் உங்கள் உயரத்தில் 83 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நீளக் கோல் டபுள் போலிங்குக்குத்தான் வசதி. இரண்டு, சில ஏற்றங்களில் பலகை நட்டு, இந்த இடத்தில் டபுள் போலிங் கூடாது என்று குறித்துவிடுவார்கள். அதோடு பாதையையே கடினமாக அமைப்பார்கள். அங்கீகாரம் பெற்ற பாதையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஏற்றம், ஒரு பங்கு இறக்கம், மிச்சம் மேடுபள்ளம். வாசலோப்பெட் மாதிரி சமதளமாக ஓடாது.

சென்னிமலைத் தறி:

சரி, ஸ்பிரின்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆறு பேர், 3 நிமிடம். என் கட்சிக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கோபி டு ட்ரொன்ஹெய்ம்:

அண்ணா, உங்கள் சாட்சி பாதி என் கட்சிக்கும் பேசும். ஸ்பிரின்டின் முதல் கட்டம் தனித்தனியாகத்தான். காலையில் எல்லாரும் ஒவ்வொருவராகக் கிளம்பி, சுமார் 1 முதல் 1.8 கிலோமீட்டர் வரையிலான ஒரு சுற்றைக் கடிகாரத்துக்கு எதிராக ஓடுவார்கள். முதல் 30 பேர் மட்டும் உள்ளே, மற்றவர்கள் வீட்டுக்கு.

அந்த 30 பேர் ஆறு ஆறாக ஐந்து காலிறுதி. ஒவ்வொன்றிலும் முதல் இருவர் நேராக அரையிறுதிக்குப் போவார்கள். மொத்தம் பத்து ஆயிற்று. இன்னும் இரண்டு இடம், மற்றவர்களில் நல்ல நேரம் ஓடிய இருவருக்கு. அதிர்ஷ்டத் தோல்வியாளர்கள் என்று செல்லமாகச் சொல்வார்கள். அரையிறுதி இரண்டிலும் இதே கணக்கு. இறுதியில் ஆறு பேர்.

இங்கே வேடிக்கை என்னவென்றால், மூன்றாவதாக வருகிறவரின் தலையெழுத்தை அந்த ஆட்டத்தின் வேகம் தீர்மானிக்கும். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போனால் அந்த ஆட்டத்தில் இருந்து இரண்டு பேருக்கு மேல் தேற மாட்டார்கள். அதனால் கடைசி நேரத்தில் வேகம் காட்டத் தெரியாதவர் முதல் மீட்டரில் இருந்தே வேகத்தைக் கூட்டுவார், நேரத்திலாவது பிழைக்கலாம் என்று. கிளேபோவோ எதிர்மாறு. நான்காவது, ஐந்தாவது இடத்தில் சோம்பலாக வருவார். கடைசி ஏற்றத்தில் மற்றவர்கள் 'வி' போட்டு மிதித்து ஏறும்போது, அவர் ஸ்கீயைக் கட்டிக்கொண்டே ஓட ஆரம்பிப்பார். சின்னச் சின்ன எட்டு, பயங்கர வேகம். உச்சியை அடையும்போது பத்து மீட்டர் முன்னால் இருப்பார். அதை நேரில் பார்த்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் போட்ட கூச்சலில் என் காது அடைத்துவிட்டது.

இருவர் சேர்ந்து ஓடும் டீம் ஸ்பிரின்டும் உண்டு. ஆளுக்கு மூன்று சுற்று, மாறி மாறி. மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மறுபடி உங்கள் முறை வந்துவிடும். 2018 பியோங்சாங்கில் ஜெஸ்ஸி டிக்கின்ஸ், கிக்கன் ராண்டல் ஜோடி இதில்தான் அமெரிக்காவுக்கு கிராஸ் கன்ட்ரியில் முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்தது. அதற்கு முன் அமெரிக்காவிடம் இருந்தது 1976-ல் இதே பில் கோச் வாங்கிய வெள்ளி ஒன்று மட்டுமே.

ஈரோட்டு டீச்சர்:

உடற்கல்வி ஆசிரியை நான். மேலே "ஆண், பெண் இருவருக்கும்" என்று தம்பி போகிற போக்கில் எழுதிவிட்டார். அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1924 ஷமோனி ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்கு 50 கிலோமீட்டர் இருந்தது. பெண்களுக்கு முதல் ஒலிம்பிக் பந்தயம் வந்தது 1952 ஆஸ்லோவில், அதுவும் 10 கிலோமீட்டர். வாசலோப்பெட்டில் பெண்கள் முறைப்படி ஓட அனுமதி கிடைத்தது 1981-ல். பெய்ஜிங் 2022 வரைக்கும் பெண்களின் நீண்ட தூரம் 30, ஆண்களுக்கு 50. அந்த வருடம் மே மாதம் கூட்டமைப்பின் குழு வாக்கெடுத்துத் தூரங்களைச் சமமாக்கியது. 57 சதவீதம் பேர் ஆதரவு. அதாவது 2022-லும் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை! 2023 மார்ச்சில் ஆஸ்லோவின் ஹோல்மன்கோலனில் பெண்கள் முதல்முறையாக உலகக் கோப்பையில் 50 கிலோமீட்டர் ஓடினார்கள், ராக்ன்ஹில்ட் ஹாகா வென்றார். ட்ரொன்ஹெய்மில் ஃப்ரிடா கார்ல்சன். மிலான்-கோர்ட்டினா 2026 ஒலிம்பிக்கிலும் இருபாலருக்கும் ஒரே தூரம்.

எங்கள் பக்கத்துப் போட்டிகளில் "பிள்ளைகளுக்கு இவ்வளவு தூரம் எதற்கு டீச்சர்" என்று இன்னமும் கேட்கிறார்கள். ஓடுகிற பிள்ளைகள் ஒருத்தியும் அப்படிக் கேட்டதில்லை.

உடுமலை ஓட்டக்காரன்:

நல்லாச் சொன்னீங்க டீச்சர். ஓட்டத்திலும் உலக கிராஸ் கன்ட்ரி போட்டியில் 2017-ல்தான் இருவருக்கும் 10 கிலோமீட்டர் ஆனது.

திருப்பூர் நூல்:

நடுவில் துப்பாக்கி சுடுகிறார்களே, அது எந்த வகையில் சேரும்?

கோவை சக்கரம்:

அது பயத்லான், தனி விளையாட்டு, தனிக் கூட்டமைப்பு. சறுக்கல் முழுக்க ஸ்கேட்டிங் பாணி, முதுகில் குறைந்தது 3.5 கிலோ துப்பாக்கி. 50 மீட்டரில் இலக்கு. தவறினால் பெரும்பாலான பந்தயங்களில் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. அதற்குத் தனி இழை போடலாம்.

பவானிக்கரை:

இவ்வளவு பேசுகிறோம், நம்மவர்கள் யாராவது ஓடுகிறார்களா?

கோபி டு ட்ரொன்ஹெய்ம்:

ஓடுகிறார்கள் அண்ணா. இங்கேதான் இடைவெளிப் பந்தயத்துக்காக நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் வருகிறது.

2018 பியோங்சாங், ஆண்கள் 15 கிலோமீட்டர் ஃப்ரீ, இன்டர்வல் ஸ்டார்ட். வென்றவர் சுவிட்சர்லாந்தின் டாரியோ கொலோன்யா, இந்தத் தூரத்தில் தொடர்ந்து மூன்றாவது ஒலிம்பிக் தங்கம். அதே பந்தயத்தில் இந்தியாவின் ஜகதீஷ் சிங், 103-வது. குல்மார்க் ராணுவப் பயிற்சிப் பள்ளியில் இருந்து வந்தவர். டோங்கா தீவின் பீட்டா டவுஃபாடோஃபுவா 114-வது, பனியே இல்லாத ஊரில் ரோலர் ஸ்கீயில் பயிற்சி எடுத்தவர். கடைசி, 116-வதாக மெக்சிகோவின் ஹெர்மன் மத்ராசோ, கையில் கொடியோடு வந்தார். அவரைக் கைகுலுக்கி வரவேற்கத் தங்கம் வென்ற கொலோன்யா கோட்டருகே காத்திருந்தார்.

1998 நாகானோவிலும் இதுதான் நடந்தது. கென்யாவின் பிலிப் போய்ட், நடுத்தூர ஓட்டக்காரர், 10 கிலோமீட்டர் கிளாசிக்கில் கடைசி. வென்ற பியோர்ன் டேலி, பதக்க விழாவைக் காக்க வைத்துவிட்டு, சுமார் 20 நிமிடம் கழித்து வந்த போய்ட்டைக் கட்டிப்பிடித்தார். போய்ட் பின்னாளில் தன் மகனுக்கு டேலி என்றே பெயர் வைத்தார்.

இப்போது யோசியுங்கள். மாஸ் ஸ்டார்ட்டில், முன்னணி உங்களை ஒரு சுற்று தாண்டிவிட்டால் பாதையை விட்டு இறக்கிவிடுவார்கள். ஸ்பிரின்டில் காலையிலேயே வெளியே. கென்யாவும் டோங்காவும் இந்தியாவும் கடைசிக் கோடு வரை போக முடிகிற பந்தயம் எது? ஒவ்வொருவராக விடுகிற பந்தயம்தான். சென்னிமலை அண்ணா சொல்வது போல அதை எடுத்துவிட்டால், பனி இல்லாத நாட்டுக்காரனுக்கு ஒலிம்பிக்கில் வாசல் ஏது?

சென்னிமலைத் தறி:

தம்பி, இது கனமான வாதம். பார்க்கிறவன் பக்கம் நின்று நான் பேசினேன், நீ ஓடுகிறவன் பக்கம் நின்று பேசுகிறாய். ஆனாலும் டி.வி.யில் பார்க்க எனக்கு ரிலேதான்.

கோவை சக்கரம்:

பவானிக்கரை அண்ணாவின் கேள்விக்கு இன்னொரு பதில். நமக்குப் பக்கத்துக் குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா, 2025-ல் சிலியில் நடந்த சர்வதேசப் போட்டியில் 5 கிலோமீட்டர் ஃப்ரீயில் வெண்கலம் வாங்கினார். அதுவும் இன்டர்வல் ஸ்டார்ட். காப்பித் தோட்டத்துப் பூமியில் இருந்து ஒரு பெண் போய்ப் பதக்கம் வாங்க முடியும் என்றால், ஸ்கேட்டிங்கில் கால் பழகிய கோவைப் பிள்ளைகளால் ஏன் முடியாது?

எங்கள் மையத்தில் சில ஜோடி ரோலர் ஸ்கீ வரவழைத்திருக்கிறோம். ஞாயிறு விடியற்காலை ஒரு கல்லூரி வளாகச் சாலையில் சின்னப் பந்தயம் வைக்க யோசனை. கூட்டமாக விடுவதா, ஒவ்வொருவராகவா என்று இந்த இழையில் கேட்கத்தான் இருந்தேன்.

உடுமலை ஓட்டக்காரன்:

நான் வருகிறேன்! கூட்டமாக விடுங்கள் அண்ணா, எனக்கு அதுதான் பழக்கம். அதென்ன ரோலர் ஸ்கீ, இரண்டு பக்கமும் சக்கரமா?

கோவை சக்கரம்:

முன்னும் பின்னும் ஒவ்வொரு சக்கரம், நடுவில் தண்டு. கிளாசிக் வகையில் ஒரு சக்கரம் பின்னோக்கிச் சுழலாது, அதனால் உதைத்தால் பிடிக்கும். ஸ்கேட்டிங் வகையில் சக்கரம் ஒல்லி. கோல் முனையில் கடினமான கூர் இருக்கும், தாரில் குத்தி ஊன்ற. சித்திரை வெயிலில் தார் இளகிவிட்டால் கோல் முனை புதைந்து இழுக்கும், அதனால்தான் விடியற்காலை. பெரும்பாலான ரோலர் ஸ்கீக்குப் பிரேக் கிடையாது. ஹெல்மெட் இல்லாமல் யாரையும் ஏற்ற மாட்டேன். மருதமலை, ஊட்டிச் சாலை என்று யாரும் இறக்கத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

கோபி டு ட்ரொன்ஹெய்ம்:

ஒவ்வொருவராகவே விடுங்கள் அண்ணா. பிரேக் இல்லாத சக்கரத்தில், கூர் முனைக் கோலோடு, புதியவர்களைக் கூட்டமாக விட்டால் ஒருவர் விழுந்தால் நான்கு பேர் விழுவார்கள். இரண்டாவது, சில ஜோடிதான் இருக்கிறது என்றீர்கள். கடிகாரப் பந்தயம் என்றால் ஒருவர் முடித்துக் கழற்றிக் கொடுத்து அடுத்தவர் ஓடலாம், நேரத்தை ஒப்பிட்டால் போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ரப்பர் சக்கரம் சூடாகச் சூடாக நன்றாக உருளும். ஆறிய சக்கரத்தில் ஓடும் முதல் ஆளுக்கு நட்டம். அதனால் பந்தயத்துக்கு முன் எல்லா ஜோடியையும் ஒருவர் மாட்டி நன்றாக ஓட்டிச் சூடேற்றிவிடுங்கள். சக்கரங்கள் எல்லாம் ஒரே வேக எண் கொண்டவையாகவும் இருக்க வேண்டும். எண் மாறினால் உருளும் வேகமும் மாறிவிடும்.

ஈரோட்டு டீச்சர்:

எங்கள் பிள்ளைகள் சிலரையும் அழைத்து வரலாமா? ஓட்டத்தில் நல்ல மூச்சு உள்ளவர்கள், சக்கரம் பழக்கமில்லை.

கோவை சக்கரம்:

தாராளமாக அழைத்து வாருங்கள் டீச்சர். அவர்களுக்கு முதல் நாள் கோல் இல்லாமல் நிற்கவும் நிறுத்தவும் மட்டும் பழக்குகிறேன், பந்தயம் அடுத்த முறை. தூரம் ஆண், பெண் எல்லாருக்கும் ஒன்றுதான், அதில் பேச்சே இல்லை.

தம்பி, வரிசை எப்படி வைப்பது? உலகக் கோப்பையில் வலுவானவர்களைப் பின்னால்தானே விடுகிறார்கள்?

கோபி டு ட்ரொன்ஹெய்ம்:

அங்கே பாதை அகலம், தாண்டுவதற்கு இடம் உண்டு. வளாகச் சாலையில் வேகமானவரை முதலில் விடுங்கள், புதியவரைக் கடைசியில். அப்போது போகப் போக இடைவெளி கூடும், யாரும் யாரையும் தாண்ட வேண்டிய தேவை வராது. 30 விநாடி போதாது, ஒரு நிமிடம் வையுங்கள். உடுமலை அண்ணாவுக்குச் சக்கரம் புதிது, அவரைக் கடைசி வரிசையில் போடுங்கள்.

உடுமலை ஓட்டக்காரன்:

கடைசியில் விட்டாலும் சரிங்க, வந்துவிடுகிறேன். ஹெல்மெட் சைக்கிளுக்கு வாங்கியது இருக்கிறது, போதுமா?

கோவை சக்கரம்:

போதும். முழங்கை, முழங்கால் கவசம் இங்கே தருகிறேன். கையுறை மட்டும் கொண்டுவாருங்கள். முதல் நாளிலேயே கோல் பிடித்துக் கைத்தோல் உரிந்துவிடும்.